சுத்த சைவ பிரஷ்

கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்த மண்டபத்தில், மூன்று செல்போன் வெளிச்சத்தில் ஒரு மணப்பெண்ணையும் ஐந்து தோழிகளையும் முகூர்த்தத்துக்கு முன் தயார் செய்தது ஒன்று. அம்பத்தூர் ஒப்பனைப் போட்டியில், முதல் பரிசு நடுவருடைய அண்ணன் மகளுக்கு என்று முன்பே முடிவாகியிருந்தும், இரண்டாம் பரிசான இட்லிக் குக்கரை விடாமல் வாங்கி வந்தது இரண்டு. இங்கிலீஷ் தெரியாது என்று வாசலோடு திருப்பி அனுப்பிய அழகுக்கலைப் பயிற்சி நிலையம், ஒன்றரை வருடம் கழித்து ஆள் விட்டு, பிள்ளைகளுக்குப் பிரஷ் கழுவச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டது மூன்று. கள்ளிக்குப்பம் கிருஷ்ணப்பிரியா ஜெயித்தவற்றை அவளுடைய அக்கா சாவித்திரி இந்த வரிசையில்தான் சொல்வாள். கேட்காதவர்களிடமும் சொல்வாள்.

கிருஷ்ணப்பிரியா எதையும் சொல்ல மாட்டாள். கோவிந்தராஜின் ஃபேன்சி ஸ்டோரில் அவள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். இடது இமைமேல் ஒரு பிரஷ் போய் வரும். பிறகு வலது இமை. பிறகு தலையாட்டல். பிரஷ் டப்பாவுக்குத் திரும்பிவிடும்.

"இன்னாம்மா, பிரஷ் வாங்க வந்தியா, தூங்க வந்தியா?"

"சும்மா இருண்ணா. கண்ணு பேசிகினு கீது."

"மணி ஒண்ணு ஆச்சு. இன்னா சொல்லுது?"

"குத்துதுன்னு சொல்லுது. கத்திரிக்கோல்ல வெட்டிக்கீறான் பாரு நுனிய."

கோவிந்தராஜ் அவளுக்கென்றே ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறார். நாற்பது பிரஷ்ஷைத் தொட்டு ஒன்றை எடுக்கிற வாடிக்கையாளரை நிற்க வைத்தே அனுப்பினால் பாவம் என்று அவர் மனைவி சொல்லிவிட்டாளாம்.

பிரஷ்ஷுக்கு அவள் வைத்திருக்கும் பெயர்கள் மூன்றுதான்: தலை, கழுத்து, காம்பு. தலையைக் கறுப்புத் துணியில் பத்து முறை தேய்ப்பாள். இரண்டு முடிக்கு மேல் உதிர்ந்தால் அது அங்கேயே முடிந்தது. "கொட்ற பிரஷ்ஷும் குட்ச்ச மாமனும் கல்யாணத்துக்கு ஆவாது" என்பது அவள் சட்டம். கழுத்து என்பது முடியையும் காம்பையும் சேர்க்கிற தகரப் பட்டை. அதை விரலால் பிடித்து ஆட்டிப் பார்ப்பது சாவித்திரியின் வேலை. தொழிற்பேட்டையில் பதினாறு வருடமாக போல்ட்டுக்கு மரை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவள் அவள். எட்டாவதோடு படிப்பு நின்றாலும், எது ஆடும், எது ஆடாது என்பதில் அவளை ஏமாற்ற முடியாது.

விலையைக் கிருஷ்ணப்பிரியா கடைசியில்தான் கேட்பாள். மின்சார ரயிலில் பத்து ரூபாய்க்குக் கூவி விற்கிற பிரஷ் உதட்டுக்கும் புருவத்துக்கும் போதும். இருநூறு ரூபாய்க்கு இருபத்து நாலு பிரஷ் என்று ஆன்லைனில் வருகிறதே, அதில் நாலு முகத்துக்கு. மீதி இருபது ஜன்னல் கம்பியில் தூசி தட்ட. நூற்று ஐம்பதிலிருந்து ஐநூறு வரை ஒவ்வொன்றாகப் பொறுக்கினால் காலத்துக்கும் வரும். ஈரமாகப் பூசுவதற்கு நைலான், ஏனென்றால் அது பூசுகிற க்ரீமைக் குடிக்காது. பவுடருக்கு நிஜ முடி பஞ்சுபோல வேலை செய்யும், ஆனால் நல்ல நைலானும் அந்த வேலையைச் செய்துவிடும். ஐநூறுக்கு மேலே?

"அதுக்கு மேல குடுக்கறது பிரஷ்ஷுக்கு இல்லக்கா. பக்கத்துல நின்னுகினு பாக்கறாங்களே, அவங்களுக்கு."

அப்படிப் பார்க்கிறவர்கள் ஏரிக்கு அந்தப் பக்கம் குடியிருந்தார்கள். முந்நூற்று இருபது அடுக்குமாடி வீடுகள், ஒரே ஒரு கேட். கள்ளிக்குப்பத்துத் தெருக்களில் அவள் பூசாத மணப்பெண் இல்லை. ஆனால் அந்தக் கேட்டுக்குள் நான்கு வருடமாக ஒரு கல்யாணம்கூடக் கிடைக்கவில்லை. கேட்டுக்கு வெளியே, அம்மாவின் பெயரை வைத்து, அவளுக்குப் பெயர் "கன்னியம்மா பொண்ணு". கேட்டுக்கு உள்ளே அதுவும் இல்லை. வாசலில் போர்டு மாட்டலாம் என்று சாவித்திரி சொன்னபோதெல்லாம், "பேரு போட்டா பேருக்கு ஏத்த மாரி நடக்கணும்க்கா, பயமா கீது" என்று தள்ளிப்போட்டாள்.

ஒருவழியாகச் சி பிளாக் சண்முகசுந்தரம் வீட்டில் கூப்பிட்டார்கள். திருநெல்வேலிக்காரர்கள். மகள் நிஷா ஐ.டி.யில் வேலை. நிஷாவின் அம்மா முகத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"மேக்கப் போடுத அந்த ரேஷ்மா வச்சிருக்காள்லா, ஒரு பிரஷ்ஷே நாலாயிரத்து ஐநூறாம். நீ என்ன விலையில வச்சிருக்க?"

கிருஷ்ணப்பிரியா தன் பையில் இருந்த நூற்று எண்பது ரூபாய் நைலானை நினைத்துக்கொண்டு, "பாத்துக்கலாம்மா" என்றாள். அதன் காம்பில் ஏதோ வெளிநாட்டுப் பெயர் ஓர் எழுத்து கூடுதலாக அச்சாகியிருந்தது. அந்தப் பொய் பிடிக்காமல், வாங்கிய அன்றே அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தாள். இப்போது காம்பு மொட்டையாக இருந்தது.

சாவித்திரி தன் தீபாவளி போனஸில் அந்த நாலாயிரத்து ஐநூறு ரூபாய் பிரஷ்ஷை வாங்கி வந்தாள். வெள்ளை வெளேரென்று பூனைக்குட்டி மாதிரி இருந்தது. கிருஷ்ணப்பிரியா இமைமேல் தடவினாள். இரண்டு இமையிலும் ஒரு பேச்சும் இல்லை.

"நல்லா கீதுக்கா" என்றாள். பிறகு மெதுவாக, "நம்மளுத விட ரொம்ப நல்லான்னு சொல்ல முடியாது" என்றாள். சாவித்திரி அந்த இரண்டாவது வாக்கியத்தைக் காதில் வாங்கவில்லை. பெட்டி கசங்காமல் இருக்க, அதைப் புடவை மடிப்புக்குள் வைத்துப் பாதுகாத்தாள்.

கல்யாணத்தன்று காலை ஏழே முக்காலுக்கு நிஷாவின் முகம் முடிகிற கட்டம். மஞ்சள் நீராடி, பூ வைத்து, புடவையும் கட்டியாகிவிட்டது. வெள்ளைப் பிரஷ் கன்னத்தில் கடைசிப் பவுடரைப் போட்டுக்கொண்டிருந்தது. சுற்றிலும் சொந்தக்காரப் பெண்கள் நின்று முகத்தை விட்டுவிட்டுப் பிரஷ்ஷைப் பார்த்தார்கள்.

"எந்தக் கம்பெனி?" என்றாள் நிஷாவின் சித்தி.

இந்தக் கேள்விக்காகத்தான் சாவித்திரி தீபாவளியிலிருந்து காத்திருந்தாள். பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள்.

"படிச்சுப் பாருங்கம்மா. எல்லாம் போட்டுகீது. நைலான் கிய்லான் இல்ல. ஒரிஜினல் ஆட்டு முடி!"

சித்தி பெட்டியைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள்.

"யம்மா! ஆட்டு முடியா? மணையில உக்காரப்போற பிள்ள கன்னத்துல ஆட்டக் கொண்டாந்து தேய்ச்சிட்டியளே!" என்று நிஷாவின் அம்மா தலையில் கை வைத்தாள். "முட்டகூடத் தொடாத வீடு இது. ஏட்டி, எந்திரி. தலைக்குத் தண்ணி ஊத்தணும்."

"தலைக்கா?" நிஷா பூவைக் கையால் பிடித்துக்கொண்டு அலறினாள். "இந்த ஜடைக்கே ஒன்றரை மணி நேரமாச்சும்மா!"

சத்தம் கேட்டு உள்ளே வந்த சண்முகசுந்தரம், தணிக்கை அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவர், விஷயத்தை முழுதாகக் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு சந்தேகம் எழுப்பினார்.

"அது அறுத்த ஆடா, உசுரோட இருக்க ஆடா?"

"முடி வெட்னதுதான் சார்" என்றாள் கிருஷ்ணப்பிரியா. "ஆடு நல்லாத்தான் கீது."

அவருக்குத் திருப்தி. அவர் மனைவிக்கு இல்லை. "அந்த ரேஷ்மாவக் கூப்பிடுங்க, அவ பக்கத்து மண்டபத்துலதான் இருக்கா" என்றாள்.

கட்டியிருக்கிற பட்டு எல்லாம் கீரைத்தண்டில் நெய்ததா என்று கேட்கச் சாவித்திரியின் வாய் பாதி திறந்துவிட்டது. கிருஷ்ணப்பிரியா தன் குதிகாலால் அக்காவின் கட்டைவிரலை மிதித்தாள். வாய் மூடிக்கொண்டது. நாலு வருடம் கழித்துத் திறந்த கேட் தான் பேசிய பேச்சால் மூடுகிறது என்பது அப்போதுதான் சாவித்திரிக்கு உறைத்தது. வெள்ளைப் பிரஷ்ஷை வாங்கிப் பெட்டியில் போட்டாள்.

"உடுக்கா" என்றாள் தங்கை, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "நம்ம ஊட்டுக் கல்யாணத்துக்கு ஆவும். நாம கறி துன்றவங்கதானே."

பிறகு நிஷாவின் அம்மா பக்கம் திரும்பினாள். "ஆடு பட்டது மூஞ்சிலதாம்மா, தலைல இல்ல. மஞ்சத் தண்ணி குடுங்க, மூஞ்சி மட்டும் கழுவிக்கட்டும். எட்டு அம்பதுக்கு நான் முட்ச்சுத் தர்றேன். முடிக்கலன்னா பணம் வோணாம்."

எட்டரைக்கு அந்த மொட்டைக் காம்பு நைலான் நிஷாவின் கன்னத்தில் ஏறியது. வேலை செய்யும்போது கிருஷ்ணப்பிரியாவும் மூச்சைக் குறைத்துக்கொள்வாள், மணப்பெண்ணும் தன்னையறியாமல் குறைத்துக்கொள்வாள். நெற்றி, மூக்கோரம், தாடைக்குக் கீழே கழுத்தோடு சேர்கிற அந்தக் கோடு. எட்டு நாற்பத்தேழுக்கு அவள் கையை எடுத்தபோது, முன்பு போட்டதற்கும் இப்போது போட்டதற்கும் நாலாயிரத்து முந்நூற்று இருபது ரூபாய் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று சாவித்திரி தேடினாள். பதினாறு வருடக் கண்ணுக்கு அகப்படவில்லை.

"இது என்ன முடி?" என்றாள் நிஷாவின் அம்மா, கதவை மறித்துக்கொண்டு.

"முடியே இல்லமா. நைலான். சுத்த சைவம்."

சைவம் என்ற சொல் அறையைச் சுற்றி வந்தது. சித்தி அதை வெளியே நின்றவர்களிடம் சொன்னாள். சைவப் பிரஷ் என்று தனியாக வருகிறதாம், நிஷாவுக்கென்று வரவழைத்ததாம் என்று அது மண்டப வாசலுக்குப் போய், டி பிளாக்கிலிருந்து வந்த இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு திரும்பியது.

"எங்க வீட்டுல வைகாசில வச்சிருக்கோம்" என்றாள் ஒருத்தி. "எங்களுக்கும் இந்தச் சைவப் பிரஷ்தான் வேணும். எந்தக் கம்பெனி? காம்புல பேரையே காணுமே."

நிஷாவின் அம்மாவும் காம்பைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள்.

கிருஷ்ணப்பிரியா சிவப்பு நெயில் பாலீஷைத் திறந்தாள். ரயிலில் பத்து ரூபாய்க்கு வாங்கிய கண்மைப் பிரஷ்ஷை அதில் தொட்டாள். காம்பை முழங்கால்மேல் வைத்து, கன்னத்துக்குப் போடும் அதே நிதானத்தோடு, ஒற்று எங்கே வரும் என்று ஒரு முறை யோசித்து, தன் பெயரை முழுதாக எழுதினாள். ஊதிக் காயவைத்து, அவர்கள் பக்கம் நீட்டினாள்.

அவள் முதன்முதலாகப் பெயர் போட்ட அன்று தை இருபத்தெட்டு, 2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை.