மேஸ்திரி போன வீடு

எங்கள் வீட்டு நாயை நாங்கள் ஒரே ஆளிடம் இரண்டு முறை கொடுத்தோம். முதல் முறை கொடுத்தது தப்பு. இரண்டாம் முறை கொடுத்தது அதைவிடப் பெரிய தப்பு என்று அப்போது நான் நினைத்தேன். போன வாரம் எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில், வேலை மாறி வெளியூர் போகும் ஒருவர் தன் நாயை யாராவது எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தார். சாயங்காலத்துக்குள் அவர் மனிதரே இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். நானும் ஏதோ எழுத ஆரம்பித்து, பாதியில் அழித்துவிட்டேன். மேஸ்திரியைப் பற்றிச் சொல்லாமல் எனக்கு அந்தப் பேச்சில் கலந்துகொள்ள வராது. மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வாட்ஸ்அப் பத்தாது.

மேஸ்திரி என்பது நாயின் பெயர். அப்பா சிங்காநல்லூரில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். பட்டறையும் வீடும் ஒரே காம்பவுண்டுக்குள், இரண்டும் வாடகை. எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட செம்மண் நிறக் குட்டி ஒன்று, காலையில் மெஷின் ஓட ஆரம்பித்ததும் பட்டறை வாசலில் வந்து உட்காரும். சாயங்காலம் மெஷின் நிற்கும் வரை இடத்தை விட்டு அசையாது. டீ குடிக்கப் போனவர்கள் திரும்பி வரத் தாமதமானால் கேட் பக்கம் பார்த்துக் குரைக்கும். பட்டறை ஆட்கள்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். மெஷின் நின்ற பிறகு அது என்னுடைய நாய். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. சண்டை போடவும் அதுதான், சமாதானமாகவும் அதுதான்.

நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது காம்பவுண்டுக்காரர் இடத்தை விற்றுவிட்டார். பட்டறைக்கு வேறொரு ஷெட் கிடைத்தது. குடியிருக்க ஒரு மாடி வீடு கிடைத்தது. வீட்டுக்கார அம்மா தங்கமானவர். உங்கள் வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், நாய் மட்டும் வேண்டாம் என்று சிரித்த முகத்தோடு சொன்னார். ஷெட்காரரும் அதையே சொன்னார், சிரிக்காமல். வளர்த்த பிராணியை இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் விடுவது நன்றாகவா இருக்கிறது என்று அம்மா கேட்டாள். வைத்துக்கொள்ள முடியாதபோது நல்ல இடமாகப் பார்த்து விடுவதுதான் நல்லது என்றார் அப்பா. இரண்டு பேரும் மாறி மாறி இதையே பேசினார்கள். நான் இரண்டு பேரிடமும் பேசவில்லை.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மரியாதைக்குச் சொல்லும் பேச்சு என்று ஒன்று தனியாக உண்டு. வாசலில் நின்று பேசிவிட்டுக் கிளம்புகிறவரிடம் சாப்பிட்டுப் போகலாமே என்போம். அவரும் இருக்கட்டுங்க, இன்னொரு நாளைக்கு என்பார். உள்ளே சோறு ஆக்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும் அப்பாவுக்கு மட்டும் இந்த வித்தை கைகூடவில்லை. யார் சொன்ன பேச்சையும் அவர் டிராயிங்கில் போட்ட அளவு மாதிரிதான் எடுத்துக்கொள்வார். பத்து மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால் பத்து மில்லிமீட்டர்தான்.

அப்படி இருக்கும்போதுதான் சென்னிமலை மாமா ஒரு கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். அவர் அம்மாவுக்கு அண்ணன் முறை. சென்னிமலையில் போர்வைக் கடை வைத்திருந்தார். கடையில் அடுக்கி வைத்திருக்கும் போர்வைக்கும் அவர் கட்டியிருக்கும் வேட்டிக்கும் மடிப்பில் வித்தியாசம் சொல்ல முடியாது. மரியாதை என்றால் அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். நாலாம் வகுப்புப் படிக்கிற என்னையே வாங்க, போங்க என்றுதான் பேசுவார். விருந்தாளிகளை வாசலோடு அனுப்பும் வழக்கமும் அவருக்குக் கிடையாது. ரோட்டுக்கு வந்து, வண்டி தெருமுனை திரும்பும் வரை கையெடுத்துக் கும்பிட்டபடி நிற்பார். ஆனால் அவருக்கு நாய் என்றால் பயம். மேஸ்திரி அவர் நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்தது. மாமா இரண்டு காலையும் தூக்கி நாற்காலியின் குறுக்குச் சட்டத்தில் வைத்துக்கொண்டார். நான் பார்த்தேன், அம்மா பார்த்தாள். அப்பா பத்திரிகையில் மண்டபத்தின் விலாசத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

வீடு மாறும் கதையை அம்மா சொன்னாள். மாமா குனிந்து மேஸ்திரியைப் பார்த்து, ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமே என்பதற்காகச் சொன்னார்.

"ஏனுங்க மாப்ள, இத்தன அடக்கமான நாய நான் எங்கயுமே பாத்ததில்லீங்க. இதுக்குப் போயி எதுக்குங்க இத்தன யோசன? எங்கூடு பெருசாத்தான கெடக்குது. தாராளமா கொண்டாந்து உடுங்க."

"அப்ப ஞாயித்துக்கெழம கொண்டாறனுங்க மச்சான்" என்றார் அப்பா.

மாமாவின் வாய்க்குப் போய்க்கொண்டிருந்த காபி டம்ளர் பாதி வழியில் நின்றது. அம்மா அப்பாவைப் பார்த்த பார்வையில் வேறு யாராவது இருந்தால் வாயை மூடியிருப்பார்கள். அப்பா எத்தனை மணிக்கு வந்தால் வசதி என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாமா மெதுவாக டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வாங்க வாங்க, ரொம்ப சந்தோசமுங்க என்றார். அவர் போனதும், அண்ணன் பேச்சுக்குச் சொன்னதை நிஜமென்று எடுத்துக்கொள்ளலாமா என்று அம்மா பிடித்துக்கொண்டாள். வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லியிருப்பாரே என்றார் அப்பா. கொங்கு நாட்டில் ஒரு மனிதர் இதைவிடப் பெரிய தப்புக் கணக்குப் போட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துப் போனோம். மாமா வீட்டில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, சந்தகை பிழிந்து, தேங்காய்ப் பால் எடுத்து வைத்து, சம்பந்தி வீட்டாரைப் போல எங்களை வரவேற்றார்கள். அத்தை மட்டும் மாடிப்படியிலிருந்து கீழே இறங்கவே இல்லை. அங்கிருந்தே நல்லா இருக்கீங்களா என்று கேட்டார். கடைக்குப் பின்னால் இருந்த குடோன் கம்பியில் மேஸ்திரியைக் கட்டினோம். மாமா பத்தடி தள்ளி நின்றுகொண்டு, மேஸ்திரி, கொஞ்சம் அந்தப் பக்கம் நவுந்துக்குங்க என்று கேட்டுக்கொண்டார். நாய்க்கும் மரியாதை குறையவில்லை. கிளம்பும்போது வழக்கம்போல ரோட்டில் நின்று கும்பிட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் மேஸ்திரி ஊளையிட்டது. வேனில் நானும் அதையேதான் செய்தேன். அப்பாவால் தாங்க முடியவில்லை. சொந்த வீடு கட்டியதும் முதல் வேலை மேஸ்திரியைக் கூட்டி வருவதுதான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். நானும் அப்பாவின் மகள்தானே. சொன்ன பேச்சை அளவு மாறாமல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் அத்தை அம்மாவிடம் போனில் உளறிவிட்டார். மாமா இப்போதெல்லாம் குடோன் வழியாகக் கடைக்குப் போவதில்லை, தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறார், மேஸ்திரிக்குச் சோறு வைக்கக் கடைப் பையனைத்தான் தேட வேண்டியிருக்கிறது என்று. அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே மாமாவை அழைத்து, சிரமமாக இருந்தால் வேறு இடம் பார்க்கிறோம் என்றார். சிரமமா, எங்களுக்கா, அதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று மாமா அடித்துச் சொல்லிவிட்டார். விருப்பமில்லாமல் நாயை வைத்திருக்கிறவருக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. திருப்பி எடுத்துக்கொள்ள நினைத்தவருக்கு வைக்க இடம் இல்லை. இரண்டு பேருடைய மரியாதைக்கும் நடுவில் என் நாய் கட்டிக்கிடந்தது.

நான் ஆறாம் வகுப்புப் போகும்போது போத்தனூர் பக்கம், ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில், வீடு கட்டி முடித்தோம். அந்த வீட்டில் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மாடிப்படிக்கு அடியில் மேஸ்திரிக்கு இடம். அப்பா அங்கே தண்ணீர் தேங்காமல் வாட்டம் வைத்து ஒரு மேடை போட்டுக் கொடுத்தார். புதுமனை புகுவிழாவுக்கு மாமா கட்டுக் கட்டாகப் போர்வைகளோடு வந்திருந்தார். வீட்டைச் சுற்றிக் காட்டும்போது மற்றவர்கள் பூஜை அறையையும் கிரானைட்டையும் பார்த்தார்கள். மாமா மாடிப்படிக்கு அடியில் குனிந்து அந்த மேடையைத் தடவிப் பார்த்தார். இந்தப் பக்கம் மழைச்சாரல் அடிக்காதுங்களா என்று என்னிடம் கேட்டார். அடிக்காது என்றேன். எப்பங்க அம்மிணி கூட்டீட்டு வர்றீங்க என்றார். அடுத்த ஞாயிறு என்றேன். சரீங்க என்று எழுந்துகொண்டார். தலையில் இருந்த பாரம் இறங்கப்போகிறது என்று மாமாவுக்கு அவசரம், பாவம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு காரை இரவல் வாங்கி வந்தார். மேஸ்திரி குடோனில் இல்லை. கடைக்குள், மாமாவின் நாற்காலிக்கு அடியில், நாலாக மடித்த போர்வையின் மேல் படுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் பாய்ந்து வந்து மேலே ஏறி, என் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டு முகமெல்லாம் நக்கியது. அது என்னை மறக்கவில்லை என்பதைவிடப் பெரிய சந்தோஷம் அந்த வயதில் எனக்கு வேறு எதுவும் வந்ததில்லை.

சாப்பாட்டு நேரம் வந்தது. "டேய், வாடா இங்க" என்று ஒரு அதட்டல் கேட்டது. மாமாதான். யாரிடமும் ங்க போடாமல் பேசாத மனிதர் என் நாயை டா போட்டுக் கூப்பிடுகிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. மேஸ்திரி என் மடியிலிருந்து எழுந்து ஓடியது. மாமா பருப்புச் சாதத்தைப் பிசைந்து, சூடு ஆறியிருக்கிறதா என்று தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, தட்டில் போட்டார். அவருடைய வேட்டியில் முழங்காலுக்குக் கீழே செம்மண் நிற முடி ஒட்டியிருந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. இப்போதெல்லாம் கடையில் வியாபாரம் பார்ப்பதே மேஸ்திரிதான், இவர் சும்மா கூட உட்கார்ந்திருக்கிறார் என்றார் அத்தை. அவரும் இந்த முறை கீழேதான் இருந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் மாமா ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே மேஸ்திரியின் தட்டு, சங்கிலி, அந்த மடித்த போர்வை, காதுக்கு விடும் மருந்து எல்லாம் இருந்தன. குளிப்பாட்டிப் புதுக் கழுத்துப்பட்டையும் கட்டியிருந்தார். பிறகு அவர் பேச ஆரம்பித்தார். இடி இடித்தால் பயப்படும், நாற்காலிக்கு அடியில் இடம் கொடுங்கள். இடது காதில்தான் மருந்து விட வேண்டும். மோர் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாது. எல்லாவற்றையும் அப்பாவைப் பார்த்துச் சொல்லாமல், அலமாரியில் ஏற்கெனவே ஒழுங்காக இருந்த போர்வைகளை மறுபடி அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"கூட்டீட்டுப் போங்க மாப்ள. உங்களுதுதானுங்க. இத்தன நாளு நாங்க சும்மா பாத்துக்கிட்டோம், அவ்வளவுதான்."

நான் பையைத் தூக்கிக்கொண்டேன். அப்பா உடனே எழுந்திருக்கவில்லை. மாமாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை ஒரே போர்வையை மூன்றாவது தடவையாக எடுத்து மடித்தது.

"இல்லீங்க மச்சான். நாங்க கூட்டீட்டுப் போக வரலீங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தோம். படிக்கடியில போட்ட மேடை இன்னும் காயலீங்க. இங்கியே இருக்கட்டுங்க."

நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகு, மேடை எப்போதோ காய்ந்துவிட்டது, மாமாவே தடவிப் பார்த்தாரே என்று சத்தமாகச் சொன்னேன். மாமா என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். குழந்தை ஆசைப்படுகிறது, கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். இருக்கட்டுங்க என்றார் அப்பா. இல்லீங்க, நீங்க கூட்டீட்டுப் போகணும் என்றார் மாமா. இருக்கட்டுங்க மச்சான் என்று அப்பா மறுபடியும் சொன்னார். வளர்த்ததைக் கொடுக்கலாமா என்று அத்தனை வாதாடிய அம்மா என் பக்கம் பேசுவாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் என் கையிலிருந்து பையை வாங்கி, தட்டை எடுத்து, அது முன்பு இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள்.

நான் அழுதேன், கத்தினேன், அப்பாவைப் பொய்க்காரர் என்றேன். லீவு விட்டால் வந்து மேஸ்திரியோடு இருந்துகொள்ளலாம் என்றார்கள். அதற்குப் பிறகு எல்லா லீவுக்கும் போனேன் என்பதும், ஒவ்வொரு தடவையும் அது என் மேல் பாய்ந்து என் கண்ணாடியைத் தட்டிவிட்டது என்பதும் உண்மை. ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தச் சமாதானம் எதுவும் ஏறவில்லை. என்னைத் தூக்கி காரின் பின் சீட்டில் போட்டார்கள்.

கார் நகர்ந்ததும் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ரோட்டில் யாரும் இல்லை. மாமா கடைக்குள் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி தரையில் குந்தி, நாற்காலிக்கு அடியில் போர்வையைத் திரும்ப விரித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி அவர் தோளில் முகத்தை வைத்திருந்தது. தெருமுனை வந்தது, கார் திரும்பியது, அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மாமாவுக்கு மரியாதையே இல்லீங்கப்பா. வழியனுப்பக்கூட வரல" என்றேன், அப்பாவோடு பேசக்கூடாது என்று எடுத்த முடிவை மறந்து.

"ஆமா கண்ணு, மறந்துட்டாரு" என்றார் அப்பா.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். புது வீட்டில் பால் பொங்கிய அன்றுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை. என் நாயைப் பறிகொடுத்துவிட்டு இவர் எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்குக் கோபம்தான் இன்னும் கூடியது.