ராஜாவின் ஒரே தாவல்

யாரோ எழுதிக் கைவிட்ட பழைய ஓப்பன் சோர்ஸ் செஸ் புரோகிராமைச் சரிசெய்து இன்றுதான் ஓடவைத்தேன். நம்மூர்ப் பழைய நாட்டுச் சதுரங்கத்துக்கானது அது. ராஜா ஒரே ஒருமுறை குதிரைபோலத் தாவலாம். அதற்குள் செக் விழுந்தால் அந்த உரிமை போய்விடும். புரோகிராம் தாவாமலே காத்திருந்து, செக் வாங்கித் தோற்றது. ஆட்டத்தில் அச்சு அசல் அப்பாவேதான்.

கைலாசபுரம் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில், வேலை முடிந்து வந்ததும், கிரீஸ் வாடையடிக்கும் சட்டையைக்கூட மாற்றாமல் என்னோடு ஆட உட்காருவார்.

“இப்பவே தாவிடுங்களேன்” என்பாள் அம்மா, பூண்டு உரித்தபடி.

“இருக்கட்டும், ஆத்திர அவசரத்துக்கு உதவும்.”

அடுத்த நகர்த்தலிலேயே நான் செக் வைப்பேன்.

லீவையும் அப்படித்தான் சேர்த்துவைத்தார். அம்மா ஆசைப்பட்ட டெல்லிப் பயணம் வருஷா வருஷம் தள்ளிப்போனது. கடைசியில் அத்தனை லீவும் ஆஸ்பத்திரியில், அவள் கட்டிலருகே கரைந்தது.

புரோகிராமை மறுபடி ஓடவிட்டேன். ராஜா தாவவில்லை. செக் வைத்தேன்.