பண்டமாரானில் விட்டு வந்த நாய்

ஜப்பான்காரன் காலத்தில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கன்னத்தில் அறை வாங்காதவர்கள் குறைவு. ஆனால் சிரித்ததற்காக அறை வாங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் ஒரு நாயால்.

எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து பெரிய சாலைக்கு ஏறும் இடத்தில் ஒரு காவல் சாவடி இருந்தது. அங்கே நிற்கும் சிப்பாய்க்கு இடுப்பு வரை குனிந்து வணக்கம் போட்டுவிட்டுத்தான் யாரும் தாண்ட முடியும். எங்கள் நாய்க்கோ, ஒருவர் குனிந்தால் விளையாடக் கூப்பிடுகிறார் என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் கெடுத்து வைத்த பழக்கம் அது. ரயில் இஞ்சின் டிரைவரான அவர், வேலை முடிந்து வந்ததும் கரி படிந்த கையோடு வாசலில் குனிவார், அது பாய்ந்து வந்து அவர் முகத்தை நக்கும். அன்று நான் அரிசிக்குப் போகும்போது கயிற்றை அறுத்துக்கொண்டு பின்னாலேயே வந்திருக்கிறது. நான் சிப்பாய்க்கு முன்னால் குனிந்தேன். அது தாவி என் தோளில் ஏறி மூக்கை நக்கியது. பயத்திலா கூச்சத்திலா தெரியவில்லை, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரே அறை. காது இரண்டு நாள் ரீங்காரமிட்டது. அதன்பிறகு அவன் துப்பாக்கி முனையை நாயின் பக்கம் திருப்பி என்னவோ சொன்னான். பாஷை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது. இன்னொரு தடவை என்றால் அதைக் கொன்றுவிடுவான்.

அந்த நாய் எங்களிடம் வந்ததே உயிர் தப்பித்தான். வெள்ளைக்காரர்கள் அவசர அவசரமாக ஓடிய வாரத்தில், ஒரு துரை வீட்டு வராந்தாவில் அதைச் சங்கிலியோடு விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கிண்ணத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. என் வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு வந்தபோது எலும்பை எண்ணலாம். ஒரு மாதம்தான், பிறகு அதைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. கொடியில் காயும் துணியை இழுக்கும், கோழியைத் துரத்தும், சும்மா இருக்கும்போது தன் வாலையே துரத்தும். பெயர் வைக்க நேரமே தரவில்லை. இவர் "டேய்" என்பார், அதுவே பெயராகிவிட்டது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

குவார்ட்டர்ஸ் பெண்களுக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. ஒவ்வொரு டிரைவரும் ஊருக்குள் நுழையும்போது தன் கைவாகில் இஞ்சின் கூவலை ஊதுவார். அதைக் கேட்டு அவரவர் மனைவி உலை வைப்பாள். என் வீட்டுக்காரருடையது இரண்டு குட்டை, ஒரு நீட்டல். அந்த நீட்டலின் கடைசியில் லேசாக ஒரு இழுப்பு இருக்கும், வேறு யாருக்கும் வராது. நான் அடுப்படியில் எழுந்திருப்பதற்குள் நாய் வேலி தாண்டித் தண்டவாளத்தை நோக்கி ஓடிவிடும்.

அறை வாங்கிய மறுநாளே இடம் தேடினோம். தெருமுனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ராமநாதபுரத்து முஸ்லிம் அண்ணனிடம் கேட்டேன். எலும்பு இருந்தால் தூர வைத்து அதற்குப் போடுகிறவர்.

"நம்ம வீட்ல நாய் வைக்க முடியாது லா, தங்கச்சி" என்றார். "ஆனா கிள்ளான் பக்கம் பண்டமாரான்ல ஒரு அக்கா தனியா மரவள்ளி போட்டிருக்கு. எனக்கு அங்கேருந்துதான் கிழங்கு வருது. பன்னி வந்து பாதியத் தின்னுட்டுப் போவுதாம். துப்பாக்கியெல்லாம் ஜப்பான்காரன் புடுங்கிட்டான், சுட ஆளில்ல. உன் நாய்க்குத்தான் ஓடுற வேலைன்னா உசிராச்சே."

இவர் அதைத் தன் இஞ்சினிலேயே, ரப்பர் விறகுக் குவியலின் மேல் உட்கார வைத்து, கிள்ளானுக்குக் கொண்டுபோனார். நானும் சாமான் வண்டியில் தொற்றிக்கொண்டு போனேன். பண்டமாரான் அக்கா புருஷனை இழந்தவர். தோட்டக்காட்டில் ரப்பர் பால் வெட்டிக் காய்த்த கை. நாயை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது என்னாடி, நிக்கவே மாட்டேங்குது?"

"நிக்காதுக்கா. ஓடும்."

"அதுதான் வேணும்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ஒரே ஒரு சங்கடம். மரவள்ளித் தோட்டத்தை ஒட்டியே தண்டவாளம் போகிறது. துறைமுகத்துக்கு இவர் வண்டி வாரத்தில் மூன்று நாள் அந்த வழியாகத்தான் போகும். கூவலைக் கேட்டால் நாய் பின்னாலேயே ஓடிவந்துவிடும், வந்தால் சாவடி. அதனால் அங்கே தன் கூவலை ஊதுவதில்லை என்று இவர் வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். ஒரு வருஷத்துக்கு மேல் மொட்டையாக ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அந்த இடத்தைத் தாண்டுவார். பன்றியின் பின்னால் அது ஓடுவது சில நாள் தெரியும். வீட்டுக்கு வந்து, "டேய் தடிச்சிட்டான்" என்பார். அன்று அவருக்குச் சாப்பாடு கொஞ்சம்தான் இறங்கும்.

அப்புறம் சயாம் பட்டியலில் இவர் பெயர் வந்தது. அவர் இஞ்சினில் கூட்டாளியாக விறகு போடுகிற தம்பி பெயரும் வந்தது. ஜப்பான்காரன் அங்கே காட்டுக்குள் போடும் ரயில் பாதைக்கு வேலை தெரிந்த ஆட்கள் வேண்டுமாம்.

கடைசியாகக் கிள்ளான் வண்டி எடுக்கும் நாள் காலையில், கிழங்கை வாழை இலையில் கட்டிக் கொடுத்தபோது நான்தான் சொன்னேன்.

"இன்னிக்கு மட்டும் அதுக்கு ஒருவாட்டி ஊதிட்டு வாங்க."

"வேணாம்டி. வாக்குக் கொடுத்திருக்கேன்."

"ஒருவாட்டிதானே. நீங்க போறது அதுக்குத் தெரிய வேணாமா?"

அவர் ஊதினார். இந்தத் தப்பை நான் யார் தலையிலும் போட்டதில்லை.

மறுநாள் விடியற்காலையில் அவர் சயாமுக்கு ரயில் ஏறினார். அதற்கு அடுத்த நாள் மதியம் வாசலில் நாய் நின்றது. கிள்ளானிலிருந்து தண்டவாளத்தின் மேலேயே நடந்து வந்திருக்கிறது. நாலு பாதமும் கல் குத்திக் கிழிந்து ரத்தம். வீட்டுக்குள் போய், அவர் சட்டை மாட்டும் ஆணிக்குக் கீழே நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தது. கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

வைத்துக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசை. ஆனால் சாவடியில் அதே சிப்பாய். நானே ஒரு வேளைக் கிழங்கில் நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன். பாதம் ஆறும்வரை வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்தேன். பிறகு கூட்ஸ் வண்டி கார்டிடம் கெஞ்சி, சாக்கில் போட்டுக்கொண்டு பண்டமாரானுக்குப் போனேன்.

"ரயில்ல அடிபட்டுச்சுன்னு நெனச்சேன் புள்ள" என்று அக்கா நெஞ்சில் கை வைத்தார்.

"இனிமே அந்தக் கூவல் வராதுக்கா. எந்த வண்டி வந்தாலும் இது எழுந்து ஓடாதபடி பாத்துக்குங்க. எங்கள மறக்க வைங்க."

கிளம்பும்போது நான் குனியவில்லை. குனிந்திருந்தால் தாவியிருக்கும், அப்புறம் என்னால் விட்டுவிட்டு வந்திருக்க முடியாது. முதுகுக்குப் பின்னால் அது குரைத்துக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கமே அப்புறம் நான் போகவில்லை.

சண்டை முடிந்தது. சாவடியைப் பிரித்து யாரோ விறகுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். சில வாரம் கழித்து, சயாமிலிருந்து கூட்டாளித் தம்பி மட்டும் திரும்பி வந்தார், நிழல் மாதிரி. வாசலில் நின்று, "அண்ணனுக்குக் காய்ச்சல், அண்ணி" என்றார். நான் உள்ளே போய்ப் பொட்டை அழித்தேன். உடம்பு தேறியதும் அவருக்குக் கிள்ளான் வண்டியே கொடுத்தார்கள், டிரைவராக.

வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. இப்போது யாருக்கும் குனிய வேண்டியதில்லை, நாயைக் கூட்டி வந்துவிடலாம் என்று தோன்றியது. அந்தப் பழைய துரை வீட்டுச் சங்கிலியைத் துடைத்துக் கூடையில் போட்டுக்கொண்டு பண்டமாரானுக்குப் போனேன்.

நாய் அக்காவின் காலடியில் படுத்திருந்தது. முகவாயில் பன்றி கிழித்த தழும்பு. என்னை மோந்து பார்த்தது, வாலை ஆட்டியது, திரும்பிப்போய் அதே இடத்தில் படுத்துக்கொண்டது. எதற்கு வந்தேன் என்று அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. ஒரு கத்தியை எடுத்து அவரோடு கிழங்கு தோல் சீவ உட்கார்ந்தேன்.

அப்போது வண்டி வந்தது. இரண்டு குட்டை, ஒரு நீட்டல். கடைசியில் அந்த இழுப்புகூட. இவர் பக்கத்தில் நின்றே பழகிய கை அல்லவா, தம்பி அப்படியே ஊதினார்.

நான் எழுந்துவிட்டேன். அவர் இல்லை என்று தெரியும், ஊதுவது யார் என்றும் தெரியும். ஆனாலும் கத்தியைப் போட்டுவிட்டு வேலி வரைக்கும் ஓடினேன். வண்டி முழுக்கப் போன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். நாய் ஒரு காதை மட்டும் தூக்கிவிட்டு, தலையை மறுபடியும் அக்காவின் பாதத்தில் வைத்துக்கொண்டிருந்தது.

எனக்கு அதன்மேல் கோபம் கோபமாக வந்தது. அக்கா தலை நிமிராமல் சொன்னார்:

"நீதானே புள்ள மறக்க வைக்கச் சொன்ன."

"ஆமாக்கா" என்றேன். உட்கார்ந்து மிச்சக் கிழங்கையும் சீவிக் கொடுத்தேன். சங்கிலியைக் கூடையிலிருந்து எடுக்காமலே வீட்டுக்குத் திரும்பினேன்.