அக்காவின் கன்னமும் மூன்று விளக்குகளும்: அசாம் ஜாவாவிலிருந்து கோலாலம்பூர் வரை

வெயிலில் கறுத்த முகத்துக்கும் சிவந்த கன்னத்துக்கும் எந்த ஒளி நல்லது, அதற்காகக் கோலாலம்பூர் போகலாமா என்று இந்தப் பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இன்றைக்கு வந்திருக்கும் இயந்திரங்களைப் பற்றி எனக்குத் தெரியாது. அதை மருத்துவரிடம் கேளுங்கள். நான் சொல்லக்கூடியது 1989-இல் என் அக்கா மங்களத்தோடு போய்வந்த பயணத்தைத்தான். அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

அக்காவுக்கு வலது கன்னத்தில் பிறந்ததிலிருந்தே ஒரு சிவப்புத் திட்டு. சின்ன வயதில் ஐந்து காசு அகலம்தான் இருந்தது. கல்யாணமாகி அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் கன்று வளர்க்கும் நர்சரியில் வேலைக்குப் போன பிறகு, வருடக்கணக்கான வெயிலில் அது நூல் நூலாகப் படர்ந்துவிட்டது. அதைச் சுற்றிக் கருந்திட்டாக மங்கு வேறு. பார்க்கிறவர்களுக்கு யாரோ அறைந்த மாதிரித் தெரியும். அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, லோரி ஓட்டுகிறவர், எறும்பைக்கூட மிதிக்காத மனுசன். அவரோடு எங்கே போனாலும் ஜனங்கள் அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்து அவரை முறைப்பார்கள். அந்த வெட்கத்தில் அக்கா கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் போவதையே விட்டுவிட்டாள். கன்னம் தெளிந்தால் தோட்டத்து மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள்.

முதல் பயணம் கிள்ளானுக்கு. காப்பார் வழியாகப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம். அங்கே ஓர் அழகு நிலையத்தில் ஊதா விளக்கு வைத்திருந்தார்கள். கண்ணாடிக் குழாய் ஒன்றைச் சர்ரென்று சத்தம் வரக் கன்னத்தில் தேய்த்தார்கள். தடவைக்குப் பதினைந்து மலேசிய வெள்ளி. "கொசு அடிக்கிற லைட்டு மாரி இருக்குடி," என்றாள் அக்கா. மூன்று தடவை போனோம், போன மாதிரியே திரும்பினோம். இந்த வகை விளக்கை யாராவது உங்களிடம் விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நான் அப்போது ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். கூட வேலை செய்த பெண் ஒருத்தி கோலாலம்பூரில் ஒரு தோல் மருத்துவரைப் பற்றிச் சொன்னாள். தீபாவளி கழிந்த வாரம் அக்கா வீட்டிலிருந்து கிளம்பினோம். தோட்டத்துக்கு வெளியே பெரிய சாலையில், சடக்கு ஓரத்தில், காலை ஆறு மணிக்குப் பேருந்து. ஈஜோக், சுங்கை பூலோ வழியாகக் கோலாலம்பூரின் புடுராயா பேருந்து நிலையம் போய்ச் சேர இரண்டு மணி நேரம், கட்டணம் மூன்று வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். அங்கேயே பசியாறிக்கொள்ளுங்கள், மருத்துவமனைப் பக்கம் எல்லாமே விலை.

புடுராயாவில் ஏறிய டாக்சிக்காரர் தமிழர். கண்ணாடியில் அக்காவைப் பார்த்தவர் வண்டியை எடுக்கவே இல்லை.

"யாரு தங்கச்சி அடிச்சது? போலிசுக்குப் போவணும்னா சொல்லு, சும்மா கூட்டிட்டுப் போறேன்."

"வெயிலு அடிச்சதுண்ணே," என்றாள் அக்கா. "அதத்தான் புடிச்சிக் குடுக்கப் போறோம்."

அவர் சிரித்துவிட்டார். அக்கா சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பைக் கன்னத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

மருத்துவர் தமிழில் பேசினார். கன்னத்தை ஒரு கண்ணாடித் துண்டால் அழுத்திப் பார்த்தார், சிவப்பு மறைந்து திரும்ப வந்தது. "இது ரத்தக் குழாய். இதுக்கு லைட் கேக்கும். சுத்தி இருக்கிற மங்குக்கு எந்த லைட்டும் வேணாம், கிரீமும் தொப்பியும் போதும்," என்றார். பிறகு இரண்டு ஒளிகளைப் பற்றிச் சொன்னார்.

தன்னிடம் இருப்பது நீலமும் பச்சையும் கலந்த ஒளி. அது குழாயைச் சுட்டு அடைக்கும். மரத்துப்போக ஊசி போட்டு, புள்ளி புள்ளியாக அடிக்க வேண்டும், பத்து நாள் பொருக்குக் கட்டியிருக்கும். நம் மாதிரிக் கறுத்த தோலில் அந்த ஒளியைத் தோலின் நிறமும் சேர்த்துக் குடிக்கும், அதனால் இடம் வெளுக்கலாம் அல்லது கருக்கலாம். இன்னொன்று மஞ்சள் ஒளி, சிங்கப்பூருக்குப் புதிதாக வந்திருக்கிறதாம். கண்ணிமைக்கும் நேரம்தான் அடிக்கும், ரத்தக்கட்டு மாதிரி ஊதா நிறமாகி இரண்டு வாரத்தில் மறையும், தழும்பு விழுவது குறைவு. செலவு மூன்று மடங்கு. "எனக்கு அக்காவா இருந்தா சிங்கப்பூருக்கு அனுப்புவேன்," என்று வெளிப்படையாகவே சொன்னார். மனுசன் நல்லவர்.

மாமா செலவைப் பார்க்கவில்லை, லோரி முதலாளியிடம் முன்பணம் வாங்கித் தருகிறேன் என்றார். ஆனால் சிங்கப்பூரில் கொடுத்த தேதி ஜூன் மாதம். எங்கள் தோட்டத்துத் திருவிழா பங்குனியில். "திருவிழாவுக்கு முன்ன முகம் சரியாவணும்லா," என்றாள் அக்கா. எங்கள் வீட்டில் அதற்கு மறுபேச்சுப் பேச யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். எந்த ஒளி என்பதை முடிவுசெய்தது பங்குனி மாதம்.

முதல் நாள் தாடை ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் அடித்துப் பார்த்தார். இரண்டு மாதம் பொறுத்து, அந்த இடம் கருக்கவில்லை என்று தெரிந்த பிறகே ஜனவரிக் கடைசியில் கன்னம் முழுவதும் செய்தார். இப்படிச் சோதிக்காமல் முதல் நாளே அடிக்கிறேன் என்பவரிடம் போகாதீர்கள். கண்ணை மூடிக் கவசம் போட்டார்கள். மரத்துப்போக ஊசி போட்டும் ஒவ்வொரு புள்ளியும் ரப்பர் பேண்டை இழுத்து விட்ட மாதிரி இருந்ததாம். அறையில் முடி பொசுங்கிய வாடை. அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது.

"ஆறு மாசம் இந்தக் கன்னத்துல வெயில் படவே கூடாது. வெயில்ல வேலையா?" என்று கேட்டார் மருத்துவர். நர்சரி வேலை என்றோம். வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கொடுக்கச் சீட்டு எழுதித் தந்தார். மண்டோரும் முறைக்காமல் அக்காவைப் பந்தலுக்கு அடியில் பைகளில் மண் நிரப்பும் வேலைக்கு மாற்றினார்.

அக்கா எவ்வளவு கவனமாக இருந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். திரும்பும் பேருந்தில் இடது பக்கம் வெயில் அடிக்கிறது என்று எழுந்து வலது பக்கம் போனாள். கண்டக்டர், "என்னக்கா, சீட்டு ராசி பாக்குறியா?" என்று கிண்டல் செய்தார். காலையில் போகும்போதும் பிற்பகலில் வரும்போதும் அந்த வழியில் வலது பக்கம்தான் நிழல், குறித்துக்கொள்ளுங்கள். துணி காயப்போடக்கூட மாமாவை அனுப்பினாள். பெரிய தொப்பிக்குள் துண்டு கட்டிக்கொண்டு கடைக்குப் போனாள்.

பொருக்கு உதிர்ந்து, மார்ச் மாதம் கன்னம் இளஞ்சிவப்பாகத் தெளிந்தது. நூல்கள் இல்லை. புக்கிட் பெலிம்பிங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போய் முன் வரிசையில் உட்கார்ந்தாள். மாமா புதுச் சட்டை போட்டுக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றார். அவரை ஒருவரும் முறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து அக்கா அழுதாள், சந்தோசத்தில்தான்.

பங்குனியில் பால்குடம். பிள்ளையார் கோயிலிலிருந்து மாரியம்மன் கோயிலுக்கு இரண்டு மைல், வெறுங்காலோடு, தலையில் குடத்தோடு. ஒவ்வொரு லயத்து வீட்டு வரிசைக்கு முன்னாலும் நின்று காலுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், அதனால் போய்ச் சேர உச்சிப் பொழுதாகிவிட்டது. காலையில் குளித்து மஞ்சள் சேலை கட்டியதும் தொப்பியும் துண்டும் ஆணியில் தொங்கின. அம்மன் முன்னால் யார் தொப்பி போடுவார்கள்? அது தெரிந்து விட்டுக்கொடுத்ததுகூட இல்லை, யாருக்கும் வெயில் என்ற நினைப்பே வரவில்லை. நான் பக்கத்திலேயே நடந்தேன். பால் சிந்தி அவள் முகத்தில் வழிந்தது, வெயிலில் கன்னம் மின்னியது. என் அக்கா எவ்வளவு அழகு என்று நினைத்துக்கொண்டே போனேன்.

பத்து நாளில் கன்னம் கருக்க ஆரம்பித்தது. ஒளி அடித்த புள்ளிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, மிளகைப் பதித்த மாதிரி. தாடை ஓரத்தில் சோதித்த இடம்கூடக் கறுத்துவிட்டது.

மறுபடியும் ஆறு மணிப் பேருந்து, மறுபடியும் வலது பக்கம். பார்த்ததும் மருத்துவருக்கு முகம் மாறிவிட்டது.

"வெயில்ல போவாதீங்கன்னு அவ்ளோ சொன்னேனேம்மா?"

அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். நேராக அவரைப் பார்த்துச் சொன்னாள்: "வெயில்ல போவலைங்க டாக்டர். கோயிலுக்குத்தான் போனேன்."

அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். "நான் வேலையப் பத்தித்தான் கேட்டேன்," என்றார், தனக்கே சொல்லிக்கொள்வது போல.

கிரீம் கொடுத்தார். இரண்டு வருடத்தில் பாதி மங்கியது, மீதி அப்படியே தங்கிவிட்டது. அவர் எழுதிக் கேட்டதற்கு, கறுத்த இடத்தில் இனி அடிக்க வேண்டாம் என்று சிங்கப்பூரிலிருந்தும் பதில் வந்தது. இப்போது பார்க்கிறவர்கள் யார் அடித்தது என்று கேட்பதில்லை, தீக்காயமா என்று கேட்கிறார்கள். "இனிமே ஒங்க மாமாவ யாரும் மொறைக்க மாட்டாங்க," என்பாள் அக்கா. ஆனால் அந்தப் புக்கிட் பெலிம்பிங் கல்யாணம்தான் அவள் முன் வரிசையில் உட்கார்ந்த கடைசிக் கல்யாணம். கொடுத்ததற்கு நன்றி சொல்லப் போன வழியிலேயே கொடுத்தது போய்விட்டதே என்று எனக்கு அம்மன் மேலேயே கோபம் இருந்தது. அக்காவுக்கு இல்லை. அது இன்னும் வருத்தமாக இருக்கிறது.

ஆகவே போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒளியின் நிறத்தை விசாரியுங்கள், சோதனைப் புள்ளி கேளுங்கள், அவசரப்படாதீர்கள், பேருந்தில் வலது பக்கம் உட்காருங்கள். வெயிலில் போவீர்களா என்று மருத்துவர் கேட்டால், உங்கள் வேலையை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். உங்கள் ஊர் அம்மன் எந்த மாதம் வெளியே வருகிறாள், அவளுக்கு நீங்கள் என்ன வேண்டியிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.