பந்தலுக்குக் கவாத்து

சனிக்கிழமை தோட்ட வகுப்புக்கு என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போனது நான்தான். பிறகு அவரை அங்கே போகவிடாமல் செய்ததும் நான்தான்.

சுருளிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. அவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஞ்சியோ செய்த பிறகு, மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்போம் என்று தோட்டத்தை விற்றுவிட்டு அல்லிநகரத்துக்கு வந்தோம். வந்த நாளிலிருந்து மனுஷன் வாயைத் திறப்பதில்லை. டிவி ஓடும், பார்க்க மாட்டார். சாப்பாடு எப்படி என்று கேட்டால் ‘ம்’. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வாயை மூடு, வாயை மூடு என்று அதட்டியவள் நான். இவர் ஒரு வார்த்தை பேச மாட்டாரா என்று ஏங்கிக் கிடந்தேன்.

பழைய மிஷன் பங்களாவில் வகுப்பு நடப்பதாகப் பங்குக் கோயிலில் அறிவித்தார்கள். வெள்ளைக்காரச் சாமியார்கள் குடியிருந்த கட்டிடம். பாழாய்க் கிடந்ததைச் செப்பனிட்டு, சனிக்கிழமை காலையில் தோட்ட வகுப்பும், மாதக் கடைசியில் சாயங்காலம் கும்மி, ஒயிலாட்டம் என்றும் நடத்தினார்கள். “நாலு ஏக்கர் கொடி பாத்தவனுக்குத் தொட்டியில புதினாவாக்கும்” என்று முறைத்தார். ஆனாலும் வந்தார். மூன்றாவது வாரம் நான் எழுப்பாமலே கிளம்பி நின்றார். பஸ்ஸில் திரும்பும்போது அந்த இடத்து மண்ணைப் பற்றி விடாமல் பேசினார்.

பங்களா வாசலில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த சின்னப் பந்தல் ஒன்று உண்டு. அச்சாகத் திராட்சைப் பந்தல்தான், ஆனால் மேலே படர்ந்திருந்தது காகிதப்பூ. அப்படிப் பூத்துக் கிடக்கும். ஆட்டம் எல்லாம் அதன் முன்னால்தான். நிகழ்ச்சி இருந்த ஒரு நாள் காலையில், அங்கே எல்லாம் கவனித்துக்கொள்ளும் பெண், என் மகளைவிடச் சின்னவள், அவரிடம் கத்தரியைக் கொடுத்து, “ஐயா, பந்தலக் கொஞ்சம் கவாத்து பண்ணிருங்களேன்” என்றாள். அவளுக்குக் கவாத்து என்றால் தலையில் இடிக்கிற நுனியை நறுக்குவது. திராட்சைக்காரருக்குக் கவாத்து என்றால் ஓர் இலை மிஞ்சக் கூடாது.

பின்பக்கம் விதைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த நான் சத்தம் கேட்டு வந்தபோது, பந்தலில் குச்சிதான் இருந்தது. பூவெல்லாம் கீழே குவியலாகக் கிடந்தது. அவர் ஏணியில் வியர்த்து நின்றார்.

“பதினஞ்சு நாள் பொறு ஆத்தா, எப்படித் துளிர்க்குதுன்னு பாரு” என்று அந்தப் பெண்ணிடம் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்தே வெகுநாளாகியிருந்தது. அவள் அழுதுவிட்டாள். சாயங்காலம் ஊரே வரும், மேலே இருப்பவர்களுக்கு நான் என்ன சொல்வேன் என்றாள். கூட்டம் கூடிவிட்டது. இந்தப் பெரியவரை யார் கூட்டி வந்தது என்று ஒருவர் கேட்டார். “நீதானே ஆத்தா சொன்ன?” என்று இவர் திகைத்துப்போனார். அந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் என்று நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். முப்பது வருடம் அதுதானே என் வேலை. எனக்கு மானம் போகிறதே என்பதுதான் பெரிதாக இருந்தது.

“மன்னிச்சுக்கம்மா. இவுகளுக்குக் கொஞ்ச நாளா நெனப்பு சரியில்ல” என்றேன்.

உடனே எல்லோரும் இளகிவிட்டார்கள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தையிடம் வாங்குவது போல அவர் கையிலிருந்து கத்தரியை மெல்ல வாங்கினாள். அவர் என்னை மட்டும் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை எழுப்பினேன், எழவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, நான் சொன்ன பொய்யைச் சாமியாரிடம் சொன்னேன். பரிகாரமாக மாதாவுக்குப் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். பஸ் ஸ்டாப் போய்ச் சேர்வதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். இவரிடம் சொல்ல வேண்டியதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.

போன மாதம் செக்கப்புக்குப் போனோம். மாத்திரையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்டார்.

“இவகிட்டக் கேளுங்க டாக்டர். எனக்குத்தான் நெனப்பு சரியில்லையே” என்றார். குரலில் கோபமே இல்லை.

டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். என் வீட்டுக்காரரும் பதிலுக்குக் காத்திருந்தார்.