அண்ணன் தோட்டத்துப் பழம்

தேனியில் ஒரு கல்லூரியில் சமூகவியல் எடுக்கும் விஜய்பாண்டிக்கு ரொம்பப் பிடித்த பாடம் ஒன்று உண்டு. அதை நடத்தும் நாளில் சட்டையை இஸ்திரி போட்டுத்தான் போவார். 'மூன்றாம் நபர் விளைவு' என்று அதற்குப் பெயர். டிவியும் செல்போனும் ஊரையே ஏமாற்றும், என்னை மட்டும் ஏமாற்றாது என்று ஆளாளுக்கு நினைத்துக்கொள்கிறோமே, அந்த நினைப்பைப் பற்றிய பாடம்.

இந்த வருஷம் உதாரணத்துக்கு அவர் அலையவே வேண்டியிருக்கவில்லை. பன்னீர் திராட்சை மேல் படிந்திருக்கும் வெள்ளைப் பூச்சு முழுக்க விஷம் என்று எவனோ ஒரு வீடியோ போட்டுவிட்டான். அது வீடு வீடாகச் சுற்றியது. "இதை நம்புறவங்க யாரு?" என்று வகுப்பில் கேட்டார். ஒரு கைகூட எழவில்லை. "உங்க தெருவுல நம்புறவங்க இருக்காங்களா?" அத்தனை கையும் எழுந்தது. விஜய்பாண்டிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அந்த வீடியோவால் அடிபட்டவர்களில் அவருடைய அண்ணன் ஈஸ்வரபாண்டியும் ஒருவர். சுருளிப்பட்டியில் அவருடைய திராட்சைப் பந்தலில் பழம் பழுத்துத் தொங்கியது. வியாபாரி எட்டிப் பார்க்கவில்லை. "ஏலே, நீ படிச்சவன். நீ சொன்னா சனம் கேக்கும்" என்று வந்து நின்றார். தம்பியைப் படிக்கவைத்ததே அந்தப் பந்தல்தான். தம்பியும் உள்ளூர் கேபிள் டிவியில் போய் உட்கார்ந்து, "அந்த வெள்ளை பழத்தோட பொறந்தது. தூசி போக ஒரு தண்ணி போதும். நாங்க கொடியில பறிச்சு அப்படியே தின்னு வளந்தவங்க" என்று பொளந்து கட்டினார். மறுவாரமே வியாபாரி வந்துவிட்டார்.

அண்ணன் சந்தோஷத்தில் ஒரு கூடைப் பழத்தோடு தேனிக்கு வந்து இறங்கினார். விஜய்பாண்டி கூடையை வாங்கிக்கொண்டு, பேசியபடியே அடுப்படிக்குப் போனார். வாளியில் தண்ணீர் பிடித்தார். கல்லுப்பை அள்ளிப் போட்டார். மஞ்சள்தூளைக் கலக்கினார். பழத்தைக் கொட்டி, வெள்ளை போகும்வரை கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தேய்த்தார். விஷம் போக வழி என்று அந்த வீடியோவில் காட்டிய அதே பக்குவம். வீடியோ வந்த நாளிலிருந்தே அண்ணன் அனுப்பும் பழத்துக்கு இந்த வீட்டில் இதுதான் வழக்கம். மகள் தின்கிற பழமாயிற்றே என்று கை தானாகப் பழகியிருந்தது. வாய் மட்டும், படித்தவர்களே இப்படி ஏமாறுகிறார்களே என்று பேசிக்கொண்டே போனது.

கழுவிய பழத்தை அள்ளத் தட்டு எடுக்கத் திரும்பினார். அண்ணன் அடுப்படி வாசலில் நின்று வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீடியோவை அவரும் வயிற்றெரிச்சலோடு எத்தனையோ தடவை பார்த்தவர்தான்.

விஜய்பாண்டி மஞ்சள் படிந்த கையை அவசரமாகத் துடைத்துக்கொண்டார். "இல்லண்ணே, பாப்பாவுக்குச் சளி... அதான்" என்றார். செய்ததைவிட அந்தப் பொய் கேவலமாக இருந்தது. ஊருக்கு இல்லாத மூளை தனக்கு இருப்பதாக நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் பாடம் நடத்தியிருக்கிறோமே என்று அவமானம் பிடுங்கித் தின்றது. வாளியைக் கவிழ்த்துவிடலாமா என்றிருந்தது. அதற்கும் கை வரவில்லை.

அண்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினார். தம்பி பிறந்ததிலிருந்து 'ஏலே' என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகிய மனுஷர் அவர்.

"நல்லாத் தேய்ச்சுக் கழுவிக்கங்க சார். நான் வாரேன்."