அக்கா முகம்

நகரிச் சந்தையில் கிளம்பிய ஒரு பேச்சு மணியம்மாளின் தூக்கத்தைப் பறித்துக்கொண்டது. பங்குனியோடு எல்லை பிரிகிறது. திருத்தணிப் பக்கம் மதராசுக்கு, நகரிப் பக்கம் ஆந்திராவுக்கு. அதுவரை செய்தி. அதற்கு மேல் சந்தைக்காரர்கள் கை கால் வைத்தார்கள். வழியெல்லாம் இரும்புக் கேட்டுப் போட்டு அடைத்துவிடுவார்களாம். சீட்டு இல்லாமல் இந்தப் பக்கத்து ஈகூட அந்தப் பக்கம் பறக்க முடியாதாம்!

மணியம்மாள் நகரிப் பக்கத்தில் நாற்று நடும் கூலிக்காரி. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான்; பிள்ளை இல்லை. உறவென்று மிஞ்சியது, திருத்தணிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட அக்கா கமலம்மா ஒருத்திதான். அந்த ஒருத்தியும் அவளோடு பேசுவதில்லை.

அவர்களுடைய அம்மா இறந்தது மணியம்மாளின் குடிசையில். அடைமழை. ஆற்றில் வெள்ளம். அக்கரையில் அக்கா நின்று கதற, இனி வைத்திருக்க முடியாது என்று ஊரார் அவசரப்படுத்த, மணியம்மாள் அடக்கம் செய்துவிட்டாள். வெள்ளம் வடிந்து வந்த கமலம்மாவுக்குக் கிடைத்தது ஓர் ஈர மண்மேடு.

"அம்மா மொகத்த எனுக்குக் காட்டாத பாவி! இனிமே ஒன் வாசல மிதிக்க மாட்டேன். ஒன் வூட்டுத் தண்ணி என் பல்லுல படாது!"

"போ, போ! நானும் ஒன் ஊரு மண்ண மிதிக்க மாட்டேன்!"

துக்கத்தில் வாய் தவறி வந்த பேச்சுத்தான். ஆனால் அந்த ஊர்களில் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குவது, செத்தவரை எழுப்புவதைவிடக் கஷ்டம்.

இரண்டு ஊருக்கும் நடுவே, கள்ளிக் காட்டில், பாண்டவர் கல் என்று ஓர் இடம். ஆள் உயரப் பாறைகள் வட்டமாக நிற்கும். நடுவில் ஒரு பலகைக்கல். எந்தக் காலத்து மனிதர்களைப் புதைத்த இடமோ! அது யாருடைய வாசலும் இல்லை, எந்த ஊர் மண்ணும் இல்லை. மணியம்மாள் யோசித்தாள். வளையல்காரரிடம், அங்கே வரும்படி அக்காவுக்குச் சொல்லி அனுப்பினாள். இரண்டு கோழிகளைக் கொடுத்து, புத்தூர் தெலுங்குப் போட்டோக்காரர் நாகபூஷணத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பாழும் வானம் அன்றைக்கென்று பொத்துக்கொண்டது.

"இந்த வானயில, கொட்டற மழயில போட்டோவா தல்லி? நாளைக்கி வெச்சுக்கலாமே."

"நாளைக்கி அக்கா வரலன்னா? நட சாமி."

நாகபூஷணம் குடையைக் கேமராவுக்குப் பிடித்து, தான் நனைந்தபடி வந்தார். "என் பொண்டாட்டிக்குக்கூட நான் இப்பிடி கொட புடிச்சதில்ல. தெரிஞ்சா ரெண்டு நாள் சோறு போடமாட்டா!"

கல்வட்டத்தில் யாரும் இல்லை. மழை மட்டும் பாறைகளைக் கழுவிக்கொண்டிருந்தது. மணியம்மாள் திருத்தணிப் பாதையையே பார்த்து நின்றாள். வரமாட்டாளோ?

வந்தாள். தலையில் கோணியைக் கவிழ்த்துக்கொண்டு, தங்கையின் முகத்தைப் பாராமல் வந்து நின்றாள்.

"படம்னு சொன்னியாமே. சீக்கிரம் புடிக்கச் சொல்லு, மாட்ட அவுத்து வுட்டுட்டு வந்துகீறேன்."

நாகபூஷணம் கேமராவின் மூன்று கால்களையும் சேற்றில் ஊன்றினார். "கிட்ட நில்லுங்கம்மா. நடுவுல ஒரு மாட்டு வண்டி போவும்."

"போவட்டுமே," என்றாள் கமலம்மா.

"வெளிச்சம் கம்மி. நான் சொல்ற வரைக்கும் கதலொத்து! ஒரு ஆட்டம் கூடாது. கடைசி பிளேட்டு இது." அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

அப்போதுதான் கமலம்மா, தங்கையைப் பார்க்காமலே கேட்டாள்: "இன்னாத்துக்குடி இப்போ படம்?"

மணியம்மாள் அக்கா பக்கம் திரும்பினாள். "அம்மா மொகத்தத்தான் ஒனக்கு இல்லாம பண்ணிட்டேன். கேட்டுப் போட்டுட்டா, ஒன் மொகமும் எனுக்கு இல்லாம பூடுமேக்கா!"

கமலம்மா உதட்டைக் கடித்தாள். அழுகையை விழுங்கினாள்; விழுங்கிய அழுகை விக்கலாய் வந்தது. ஒன்று, இன்னொன்று, மூச்சே நிற்பதுபோல் இன்னொன்று. மணியம்மாள் பதறி, இரு கைகளையும் மழையில் ஏந்தினாள். உள்ளங்கை நிரம்பியதும் அக்காவின் வாயருகே கொண்டு போனாள். போனவள், சட்டென்று நின்றாள். தண்ணி படாது என்றாளே!

கமலம்மா அந்தக் கைகளைப் பார்த்தாள். மேலே வானத்தைப் பார்த்தாள்.

"இது இன்னா, ஒன் வூட்டுத் தண்ணியாடி? மானத்துத் தண்ணிதானே!"

குனிந்து குடித்தாள். குடித்த வாயோடு தங்கையின் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.

"அய்யய்யோ, ஆடிட்டீங்களே! லென்ஸு தெறந்துகீதே!" என்று அலறினார் நாகபூஷணம்.

படம் வந்தது. அதில் பாறைகள் ஒவ்வொன்றும் கீறல் தெரிய நின்றன. நடுவில் இரண்டு தலைகள் ஒன்றோடொன்று கலந்து, வெள்ளைப் புகையாய்த் தெரிந்தன. அக்கா முகம் எது, தன் முகம் எது என்று மணியம்மாளுக்கே தெரியவில்லை. ஆனாலும் சுவரில் மாட்டி, பூ வைத்தாள்.

பங்குனி கழிந்தது. கேட்டும் வரவில்லை, சீட்டும் வரவில்லை. சித்திரை வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், மடி நிறையக் கீரையோடு ஒருத்தி வந்து மணியம்மாளின் வாசல்படியை மிதித்து நின்றாள்.

"இன்னாடி பாத்துக்கினு நிக்கறே? வெயில்ல நடந்து வந்துகீறேன். பானையிலேர்ந்து ஒரு சொம்பு தண்ணி கொண்டா!"